பார்மசியும் பொருளாதாரமும்: புசா ரோடு பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களை நினைத்துக் கவலையில் இருக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

தேர்வு முடிவு வரும் மாதங்களில் கரோல் பாக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. “நீட்ல மார்க் பத்தல. பி.பார்ம் சேர்த்துடலாமா, இல்ல எகனாமிக்ஸ் ஹானர்ஸ் நல்லதா?” கேட்பவர்கள் இரண்டையும் எதிரெதிர் திசையில் போகும் ரயில்களாக நினைக்கிறார்கள். ஒன்றில் ஏறினால் மற்றதை மறந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டியும் விடுகிறார்கள். மருந்துக் கடையில் நின்று பிழைப்பவன் நான். பொருளாதாரத்தைப் பிறகு அஞ்சல் வழியில் படித்தவன். அந்த எண்ணம் சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் தினமும் நடக்கும் சாலையையே பாருங்கள். மெட்ரோ பாலத்தின் ஓரமாக ராஜேந்திரா பிளேஸ் பக்கம் நடந்தால் பி.எல். கபூர் மருத்துவமனை வருகிறது. 1959ல் நேரு திறந்து வைத்தது. உள்ளே திரும்பி ராஜேந்தர் நகருக்குள் போனால் கங்காராம் மருத்துவமனை. இரண்டையும் நம்பி வரிசையாக கெமிஸ்ட் கடைகள். அதே ராஜேந்தர் நகரின் சந்துகளில், மாடி மாடியாக யூ.பி.எஸ்.சி. பயிற்சி மையங்கள். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த அண்ணன்களும் அக்காக்களும் அங்கே உட்கார்ந்து தேவை, அளிப்பு, விலை நெகிழ்ச்சி என்று பக்கம் பக்கமாக எழுதிப் பழகுகிறார்கள். கீழே கடையில், அவர்கள் படிக்கும் பாடம் உயிரோடு நடந்துகொண்டிருக்கிறது.

அதை நான் பார்த்த விதத்தில் சொல்கிறேன். பொருளாதாரப் புத்தகத்தில், விலை ஏறினாலும் தேவை அதிகம் குறையாத பொருளுக்கு உதாரணம் கேட்டால் இன்சுலினைச் சொல்வார்கள். உயிர் காக்கும் மருந்து, எவ்வளவு விலையானாலும் வாங்கித்தானே ஆக வேண்டும் என்பது வாதம். கடையில் நின்றால் கதை வேறு. பதினைந்து மாத்திரை எழுதிய சீட்டை நீட்டி, “அஞ்சு மட்டும் கொடுங்க” என்பவர்கள் தினமும் வருகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் மட்டும் போட்டு ராத்திரி வேளையை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்கு எழுதியிருக்கும். காய்ச்சல் இறங்கியதும் இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு மீதியை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்வார்கள். வருஷக் கணக்கில் விற்பனை குறைந்ததாக வரைபடம் காட்டாமல் இருக்கலாம். ஆனால் வேளை தவறிய மாத்திரை பக்கவாதமாகத் திரும்பி வருகிறது, அரைகுறையாக நின்ற ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கிறது. அந்தச் செலவு எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை. விலை மாறும்போது நோயாளியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது பார்மசி தெரிந்தவருக்குத்தான் தெரியும். அதை ஊர் அளவில், நாடு அளவில் கணக்குப் போட பொருளாதாரம் வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கணக்கு சின்ன விஷயம் இல்லை. 2013-14ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் தங்கள் கைக்காசிலிருந்து கொடுத்தது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22ல் அது 39.4 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லது. ஆனாலும் அந்தக் கைக்காசில் பெரிய பங்கு மருந்துக்குப் போவதைக் கடையில் நிற்கும் எவரும் அறிவார்.

அடுத்தது, மாத்திரைப் பட்டையின் பின்னால் அச்சிட்ட விலை. அது எங்கிருந்து வருகிறது என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? 2013ல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அதை அறிவிக்கிறது. 1997ல் தொடங்கிய இந்த ஆணையத்தின் அலுவலகம் நம் ஊரிலேயே, ஜெய்சிங் ரோடில் இருக்கிறது. சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் எல்லா பிராண்டுகளையும் எடுத்துக்கொள்வார்கள். கடைக்காரருக்கு அவை கிடைக்கும் விலைகளைக் கூட்டி எளிய சராசரி காண்பார்கள். அதன்மேல் கடைக்காரரின் லாபமாக 16 சதவீதம் சேர்ப்பார்கள். மூன்று பிராண்டுகள் 20, 30, 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30. உச்ச விலை 34 ரூபாய் 80 காசு, வரி தனி.

எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் அதற்குள் எத்தனை கேள்விகள்! 40 ரூபாய் பிராண்டே நூற்றுக்கு எண்பது பேர் வாங்குவது என்றால், விற்பனை அளவை வைத்துச் சராசரி எடுத்தால் விடை மாறும். மாத்திரை செய்ய உண்மையில் எவ்வளவு செலவானது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. 1995 ஆணையில் உற்பத்திச் செலவைத்தான் அடிப்படையாக வைத்திருந்தார்கள்; கட்டுப்பாட்டில் 74 மூல மருந்துகள் இருந்தன. சந்தை விலையின் சராசரியை எடுக்கும்போது, டாக்டர்களைச் சுற்றி விற்பனைப் பிரதிநிதிகள் ஓடும் செலவும் சேர்ந்தே சராசரியாகிறது. இன்னொன்று: பட்டியலில் இருக்கும் மருந்தை வேறொரு மருந்தோடு கலந்து ஒரே மாத்திரையாக்கிவிட்டால், தனி மாத்திரையின் உச்ச விலை அந்தக் கலவையைத் தொடாது, கலவைக்கு வேறு கணக்கு. அந்தக் கலவை நோயாளிக்கு உண்மையிலேயே தேவையா, விலைக் கட்டுப்பாட்டைத் தாண்டுவதற்காகப் பிறந்ததா? சராசரி மட்டும் தெரிந்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. மருந்து மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

விலையைக் குறைத்துக்கொண்டே போனால் ஏழைக்கு நல்லது என்று எண்ணுவது இயல்பு. நானும் குறைந்த விலையின் பக்கம்தான். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வந்தபோது, மருந்து பூசிய வகை 29,600 ரூபாய்க்கு இறங்கியதில் எத்தனை குடும்பங்கள் கடனிலிருந்து தப்பின! ஆனால் 2024 அக்டோபரில் அதே ஆணையம் எட்டு மருந்துகளின் பதினொரு வடிவங்களுக்கு உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்தியது. ஆஸ்துமாவுக்கான சால்புடமால், மனநோய்க்கான லித்தியம், காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின், பென்சில் பெனிசிலின் ஊசி எல்லாம் அதில் உண்டு. புதிய, ஆடம்பரமான மருந்து ஒன்றுகூட இல்லை. மிகப் பழையவை, மிக மலிவானவை. மூலப்பொருள் விலை ஏறியும் விற்கும் விலை ஏறாததால் செய்பவர்களே கைவிடும் நிலைக்கு வந்தவை. மலிவாக இருந்தும் கடையில் இல்லாத மருந்து யாருக்கும் உதவாது.

பெனிசிலின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் உதவியோடு புனேக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1954ல் எழுந்தது, பெனிசிலினை நாமே செய்துகொள்வதற்காக. பின்னால் சீனாவிலிருந்து பெனிசிலின்-ஜி அடிமாட்டு விலைக்கு வந்ததும் இந்திய ஆலைகள் ஒவ்வொன்றாக அதைச் செய்வதை நிறுத்தின. வாங்குகிறவருக்கு அன்றைக்கு லாபம். 2020ல் கொரோனா வந்து கப்பல்கள் தடுமாறியபோதுதான் ஒரே நாட்டை நம்பி நிற்பதன் விலை தெரிந்தது. அந்த ஆண்டே மூல மருந்துகளை உள்நாட்டில் செய்ய ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெனிசிலின் உருவாகும் நொதித்தல் தொட்டிக்குள் நடப்பதும் உலக வணிகமும் இங்கே ஒரே விஷயமாகிவிடுகின்றன.

இந்த இரண்டு அறிவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. உங்கள் தாத்தா பாட்டி ஊரில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரைப் பட்டையில் தமிழ்நாடு அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் இருக்கும். அதை வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல் அமைந்தது, எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமையகம். அதை வடிவமைப்பதில் முன்னின்றவர் எஸ். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி.

அந்தக் கழகம் செய்ததை நிதானமாகப் பாருங்கள். மாநிலத்தின் அத்தனை அரசு மருத்துவமனைகளின் தேவையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆளாக வாங்கியது. தனித்தனியாகக் கேட்கிறவனுக்கு இல்லாத பேரம் பேசும் பலம் மொத்தமாகக் கேட்கிறவனுக்கு உண்டு, இது பொருளாதாரம். ஆனால் விலை மட்டும் பார்த்து வாங்கினால் சுண்ணாம்புத் தூள் மாத்திரை வந்து சேரும். ஆகவே டெண்டரில் இரண்டு உறை. முதல் உறையில் தொழிற்சாலையின் தகுதி, உரிமம், அனுபவம். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். சரக்கு வந்ததும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாதபடி எண் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரை என்று ஆய்வகத்துக்கே தெரியாது. இது பார்மசி. பிறகு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று வரவு வைத்து, மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். எந்த மருந்துக்கு எவ்வளவு போகிறது என்பது டாக்டரின் கண்ணுக்கு நேராகத் தெரியும். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. 2011 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தான் தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் அப்படி ஒரு கழகத்தின்மேல் நின்றதுதான்.

தில்லியும் சும்மா இருக்கவில்லை. அதே 1994ல் தில்லி அரசு தனக்கென்று மருந்துக் கொள்கை வகுத்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியல் போட்டு, மொத்தமாக வாங்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ரஞ்சித் ராய் சவுத்ரி என்ற மருந்தியல் அறிஞர். மருந்து எப்படி வேலை செய்கிறது என்று வாழ்நாள் முழுக்கப் படித்தவர், அது எப்படி வாங்கப்படுகிறது என்பதிலும் இறங்கி வேலை செய்தார். இப்போது பிரதமர் பெயரிலான மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களும் இந்த வரிசையில் வருகிறவை.

இன்னொரு தமிழரையும் சொல்லாமல் போக மனமில்லை. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி 1959ல் அவர் கொடுத்த அறிக்கை, இந்தியாவில் கொடுக்கப்பட்ட காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருப்பதையும், அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே உற்பத்திக்கே வராததையும் எடுத்துக் காட்டியது. 1970ன் காப்புரிமைச் சட்டம் அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது. மருந்துக்கு அல்ல, மருந்து செய்யும் முறைக்கு மட்டுமே காப்புரிமை என்று அது மாற்றியதால்தான் நம் கம்பெனிகள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்யக் கற்றுக்கொண்டன. 2005ல் மருந்துக்கே மீண்டும் காப்புரிமை வந்து அந்த வழி பாதி மூடியது தனிக் கதை.

சரி, இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் அன்றாடம் என்ன கணக்குப் போடுவார்? ஓர் உதாரணம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. நூறு பேருக்குப் பழைய மருந்து கொடுக்க ஒரு லட்சம் ரூபாய், ஐந்து பேரின் பக்கவாதம் தடுக்கப்படுகிறது. புதிய மருந்துக்கு 2,20,000 ரூபாய், ஏழு பேரைக் காக்கிறது. கம்பெனிக்காரர் வந்து, ஒருவரைக் காக்கச் செலவு 31,000 சொச்சம்தான் என்பார். கணக்கு சரிதான். ஆனால் பழைய மருந்து ஏற்கெனவே ஐந்து பேரைக் காத்துவிட்டது. கூடுதலாகக் கொடுக்கும் 1,20,000 ரூபாய் காப்பது இரண்டே பேரை, தலைக்கு 60,000. அந்தப் பணத்தை வேறு எங்காவது, காசநோய் மருந்திலோ கர்ப்பிணிகளின் இரும்புச்சத்து மாத்திரையிலோ போட்டால் இன்னும் அதிகம் பேர் பிழைப்பார்களா? இதுதான் கேள்வி. இங்கிலாந்தில் நைஸ் என்ற அமைப்பு 1999லிருந்தும், தாய்லாந்தில் ஹைட்டாப் 2007லிருந்தும் இதையே கேட்டுவருகின்றன. நம் நாட்டிலும் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, சண்டிகர் பி.ஜி.ஐ., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் போன்ற நிறுவனங்கள் அதற்காக ஆய்வு செய்கின்றன. வேலை மலைபோல் கிடக்கிறது, செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

இனி நடைமுறை. இதை மட்டும் பெற்றோர் இரண்டு முறை படியுங்கள்.

வரிசை முக்கியம். பொருளாதாரம் படித்த பிறகு பார்மசிக்குத் தாவுவது நம் நாட்டில் கடினம். மருந்தாளுநராகப் பதிவு செய்ய 1948ன் பார்மசி சட்டப்படி டி.பார்ம், பி.பார்ம் அல்லது பார்ம்.டி. வேண்டும். அவற்றில் சேர பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல் கட்டாயம், கூட உயிரியலோ கணிதமோ. காமர்ஸ் பிரிவில் போனவருக்கு அந்தக் கதவு திறக்காது. எதிர்த்திசை எளிது. எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் இக்னோவில் எம்.ஏ. பொருளாதாரம் சேரலாம், வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: பார்மசிக்கு உயிரியல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணிதம், பொருளாதாரம் என்று எடுத்தால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஹானர்ஸுக்குக் கணிதம் இல்லாமல் இடம் கிடையாது. பார்மசி கவுன்சிலுக்கும் கணிதம் போதும். உயிரியல் படிக்காதவர்களுக்கு பி.பார்ம் முதல் செமஸ்டரிலேயே அதற்கென்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். இந்தச் சேர்க்கை உங்கள் பள்ளியில் உண்டா என்று பத்தாம் வகுப்பு முடியும்போதே ஆசிரியரிடம் கேளுங்கள்.

பி.பார்ம் நான்கு வருஷம். நம் ஊரில் புஷ்ப் விஹாரில் தில்லி மருந்தியல் பல்கலைக்கழகமும் ஹம்தர்த் நகரில் ஜாமியா ஹம்தர்தும் இருக்கின்றன. ஆறு வருஷ பார்ம்.டி. 2008ல் வந்தது. அதன் ஐந்தாம் வருஷத்தில் மருந்துப் பொருளாதாரம் ஒரு பாடமாகவே இருக்கிறது. இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க 2022லிருந்து யூ.ஜி.சி. இடம் கொடுக்கிறது, ஆனால் பார்மசி போன்ற தொழிற்படிப்புக்கு அதன் கவுன்சில் விதியும் சேரும். வாய்மொழியை நம்பாமல் கல்லூரியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் யோசனை, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது. ஆய்வகமும் வருகைப் பதிவும் பி.பார்ம் மாணவரை லேசில் விடாது.

சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் தொடக்கச் சம்பளம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம். கவுன்டரோடு நின்றுவிட்டால் பத்து வருஷம் கழித்தும் பெரிதாக உயராது. உரிமத்தோடு பொருளாதாரமும் கையில் இருந்தால் போகும் இடங்கள் வேறு. குருகிராமிலும் பெங்களூருவிலும் மருந்தின் பயனையும் செலவையும் ஆராயும் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. அரசின் மருந்துக் கொள்முதல், காப்பீட்டுத் திட்டங்கள், விலை நிர்ணயம் எல்லாம் இந்த இரட்டை அறிவைத் தேடுகின்றன. மருந்து ஆய்வாளர் வேலைக்கு பார்மசிப் பட்டம் வேண்டும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பிக்கத் தகுதியான ஒருவரை நினைத்துப் பாருங்கள். ராஜேந்தர் நகர் சந்துகளில் அப்படி ஒருவரைத் தேடினாலும் கிடைப்பது அரிது.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் தனியாக ஒரு சொல். பார்மசி பெண்களுக்கு வசதியான வேலை, பக்கத்திலேயே ஒரு கடையில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்லிச் சேர்க்கிறீர்கள். உட்கார வைப்பதற்காகப் படிக்க வைக்காதீர்கள். மாநிலம் முழுவதற்கும் எந்த மருந்தை வாங்குவது என்று முடிவெடுக்கும் மேசையில் அந்தப் பெண் இருக்கலாம்.

ஏற்கெனவே காமர்ஸ் எடுத்துவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மருந்தாளுநர் ஆக முடியாது, ஆனால் சுகாதாரப் பொருளாதாரம் உங்களுக்கும் திறந்திருக்கிறது. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விடுமுறையில் தெரிந்த மருந்துக் கடை எதிலாவது அனுமதி கேட்டு, சில வாரங்கள் கவுன்டரின் உள்பக்கம் நில்லுங்கள். பொருளாதார மேடைகளில், டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதில் மலிவான ஜெனெரிக்கைக் கடைக்காரர் கொடுத்துவிட்டால் போதும் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய ஷெட்யூல் எச் மருந்தை அப்படி மாற்றிக் கொடுக்க மருந்து விதிகளின் 65ஆம் விதி இன்றைக்கும் அனுமதிப்பதில்லை. பொருளாதார அறிஞர் கென்னத் ஏரோ மருத்துவச் சந்தை பற்றி 1963ல் எழுதிய கட்டுரையைக் கல்லூரியில் படிப்பீர்கள். அந்தச் சந்தையில் வாங்குகிறவருக்கு விஷயம் தெரியாது, விற்கிறவருக்கே தெரியும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அதைக் கவுன்டரிலேயே பார்க்கலாம்: டாக்டர் ஜெனெரிக் பெயரிலேயே எழுதிய சீட்டுக்கு அந்தப் பட்டையை எடுத்துக் காட்டியதும், “விலை கம்மியா இருக்கே, வேலை செய்யுமா?” என்று ஒரு பாட்டி உங்களைப் பார்த்துக் கேட்பார். அவருக்கு உண்மையான பதில் சொல்ல என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அங்கேயே ஒரு பட்டியல் எழுதுங்கள். கல்லூரியில் எந்தெந்தப் பாடங்களை எடுப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.

அன்புடன்,
கரோல் பாக் மருந்தாளுநர் ஒருவர்